முத்துராஜவெலவைச் செய்மதிப் படத்தில் வாசிக்கத் தொடங்குவோருக்கு

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரை ஏற்றிவரக் கட்டுநாயக்கவுக்குப் போகாத கொழும்புத் தமிழ்க் குடும்பம் இருக்காது. களனிப் பாலம் தாண்டி அதிவேக வீதியில் ஏறி, கெரவலப்பிட்டியைக் கடந்ததும் இரு பக்கமும் பச்சை விரியும். அதுதான் முத்துராஜவெல. களனி கங்கைக்கும் நீர்கொழும்புக் களப்புக்கும் நடுவே கிடக்கும் ஏறத்தாழ 3,068 ஹெக்டேயர் சதுப்பு. களப்பையும் சேர்த்தால் 6,232 ஹெக்டேயர். அந்த வீதி திறந்தது 2013 ஒக்டோபரில். அதற்கு முன் பச்சை எதுவரை இருந்தது, பிறகு எந்தப் பக்கம் சுருங்கியது என்று கேட்டால் வாகனத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். அந்தப் பதிலை வீட்டில் இருந்தபடியே அளந்து பார்க்கலாம். படங்கள் இலவசம், மென்பொருள் இலவசம். ஒரு நடுத்தரமான மடிக்கணினியும் இணைய இணைப்பும் போதும்.

நான் வத்தளையில் வசிக்கிறேன். உயர்தரத்தில் புவியியல் படிக்கும் பிள்ளைகள் சிலருக்கு இந்த வேலையை விடுமுறை நாட்களில் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அவர்கள் தடுக்கி விழுந்த இடங்களையும் நான் விழுந்த இடங்களையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை இரண்டு நாளில் பழகிவிடலாம். ஈரநிலம் மாறாமலே மாறியதுபோலத் தோன்றும். அதைக் கண்டுபிடிக்கத்தான் காலம் எடுக்கும். ஆகவே இந்தக் கட்டுரையில் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எந்தப் படம், எங்கே கிடைக்கும்

இரண்டு குடும்பச் செய்மதிகளை அறிந்தால் போதும். முதலாவது அமெரிக்காவின் லாண்ட்சாட். முதல் லாண்ட்சாட் 1972இல் ஏவப்பட்டது. ஆனால் நமக்குப் பயன்படுகிற தெளிவு 1984இல் வந்த லாண்ட்சாட் 5 இலிருந்து தொடங்குகிறது. அதன் பிறகு 1999இல் 7, 2013இல் 8, 2021இல் 9. ஒரு படப்புள்ளி தரையில் 30 மீற்றருக்கு 30 மீற்றர். 2008இலிருந்து இவற்றை யாரும் இலவசமாக எடுக்கலாம். அமெரிக்கப் புவிச்சரிதவியல் நிறுவனத்தின் ஏர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் கணக்குத் திறந்து, பாதை 141, நிரை 55 என்று தேடுங்கள். ஒவ்வொரு படச் சட்டத்துக்கும் உள்ள முகவரி அது. கொழும்பும் நீர்கொழும்பும் அந்தச் சட்டத்துக்குள் வந்துவிடும். 'கலெக்‌ஷன் 2, லெவல் 2' என்று இருப்பதையே எடுங்கள். வளிமண்டலத்தின் மங்கலைக் கழித்துத் தந்திருப்பார்கள்.

இரண்டாவது ஐரோப்பாவின் சென்டினல்-2. 2015 ஜூனில் முதலாவதும் 2017 மார்ச்சில் இரண்டாவதும் ஏவப்பட்டன. முதலாவதின் இடத்தைப் பிறகு புதிய ஒன்று எடுத்துக்கொண்டது. சோடியாகச் சேர்ந்து 5 நாளுக்கு ஒரு முறை நம் தலைக்கு மேலே வரும். செய்மதி ஒவ்வொரு வகை ஒளியையும் தனித்தனியே பதியும்; அவற்றை அலைவரிசைகள் என்போம். முக்கிய அலைவரிசைகளில் ஒரு புள்ளி 10 மீற்றர். கோப்பர்னிக்கஸ் பிரௌசர் என்ற தளத்தில் உலாவியிலேயே பார்க்கலாம், வெட்டித் தரவிறக்கலாம்.

10 மீற்றர், 30 மீற்றர் என்பதை நம் ஊர்க் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள். ஒரு பேர்ச் ஏறத்தாழ 25.3 சதுர மீற்றர். ஆகவே லாண்ட்சாட்டின் ஒரு புள்ளிக்குள் 35 பேர்ச் அடங்கும். சென்டினல்-2இன் ஒரு புள்ளி 4 பேர்ச். சதுப்பின் ஓரத்தில் ஒருவர் 10 பேர்ச் துண்டை மண் போட்டு நிரப்பி வீடு கட்டினால் லாண்ட்சாட்டுக்கு அது தெரியாது. சென்டினலில் இரண்டு மூன்று புள்ளிகளாகத் தெரியும், அதுவும் மங்கலாக. ஒரு ஏக்கர், அதாவது 160 பேர்ச், நிரப்பினால் சென்டினலில் 40 புள்ளி. அதை நம்பிச் சொல்லலாம். எதைத் தேடப்போகிறீர்கள் என்பதை இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு முடிவுசெய்யுங்கள். 35 பேர்ச்சுக்குக் குறைந்த எதையும் 1990களின் படத்தில் தேடி இரவைக் கழிக்காதீர்கள்.

லாண்ட்சாட் 7 பற்றி ஒரு எச்சரிக்கை. 2003 மே 31இல் அதன் ஒரு பாகம் பழுதானது. அதன் பிறகு எடுத்த எல்லாப் படங்களிலும் கறுப்புக் கோடுகள் விழும். ஒவ்வொரு படத்திலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தரவே இராது. அந்தக் கோடுகளை அக்கம்பக்கத்து நிறத்தால் நிரப்பி அழகாக்கித் தரும் கருவிகள் உண்டு. அளவெடுக்கும் வேலைக்கு அவற்றைத் தொடவேண்டாம்.

திகதியைத் தெரிவுசெய்தல்

கொழும்பில் இந்த வேலைக்கு முதல் எதிரி முகில். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவம். ஒக்டோபர், நவம்பரில் இடைப்பருவ மழை. நல்ல படம் கிடைப்பது ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. இரண்டு வகைச் செய்மதிகளும் காலை பத்து, பத்தரை மணியளவில் கடந்துபோகின்றன; பிற்பகல் முகில் திரளும் முன்பே என்பது நமக்கு ஒரு நன்மை.

'முகில் 30 வீதத்துக்குக் குறைவு' என்று வடிகட்டித் தேடலாம். ஆனால் அந்த வீதம் முழுச் சட்டத்துக்குமானது. மலைநாடு முழுக்க முகிலால் மூடியிருக்க, கரையோரம் வெறும் வானமாக இருக்கிற பெப்ரவரி நாட்கள் ஏராளம். அதனால் வரம்பை 60, 70 வரை உயர்த்தி, சின்னப் படங்களைக் கண்ணால் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள். முகிலின் நிழலையும் பாருங்கள். நிழல் விழுந்த புல் தண்ணீரைப் போலக் கறுப்பாக இருக்கும். கணினி அதைத் தண்ணீர் என்றே எண்ணும்.

வருடங்களை ஒப்பிடும்போது மாதம் ஒன்றாக இருக்கவேண்டும். இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது. 2016 மே நடுப்பகுதியில் களனி பெருகிக் கொலன்னாவை மூழ்கியதை மறந்திருக்கமாட்டீர்கள். அந்த மாதத்துப் படத்தையும் 2020 பெப்ரவரிப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் ஈரநிலத்தில் பாதி தொலைந்துபோனதுபோல இருக்கும். தொலைந்தது வெள்ளம் மட்டுமே. பெப்ரவரியோடு பெப்ரவரியை ஒப்பிடுங்கள். அதோடு, படம் எடுத்த நாளுக்கு முந்திய இரண்டு கிழமையில் பெருமழை பெய்ததா என்று மழைவீழ்ச்சித் தரவில் பாருங்கள். வருடம் ஒன்றுக்கு ஒரு படத்தை நம்புவதைவிட, ஜனவரி முதல் மார்ச் வரை கிடைக்கிற மூன்று நான்கைப் பார்த்துவிட்டு முடிவுசெய்வது பாதுகாப்பு.

கடல் வற்றுப்பெருக்குப் பற்றிக் கேட்பார்கள். கொழும்புக் கரையில் உயர்வுக்கும் தாழ்வுக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகையால் இங்கே அது மழையைப்போல ஆட்டிவைக்காது. களப்பின் ஓரத்துச் சேற்றுத் திட்டுகளை அளக்கிறவர்கள் மட்டும் கவனிக்கட்டும்.

முதற் பயிற்சி: விடை தெரிந்த கணக்கு

முத்துராஜவெலவுக்கு உடனே போகாதீர்கள். காலி முகத்திடலுக்குப் போங்கள், படத்தில்தான். துறைமுக நகரத்துக்காகக் கடலில் மணல் கொட்டும் வேலை 2014 செப்டெம்பரில் தொடங்கியது. 2015இல் நின்று, 2016இல் மீண்டும் தொடங்கி, 2019 ஜனவரியில் முடிந்தது. உருவான நிலம் 269 ஹெக்டேயர் என்பது எல்லாருக்கும் தெரிந்த எண். உங்கள் முறை சரியா என்று பார்க்க இதைவிட நல்ல உரைகல் கொழும்பில் இல்லை.

லாண்ட்சாட் 8இல் 2014 தொடக்கத்துப் படம் ஒன்றும், 2019 அல்லது 2020 தொடக்கத்துப் படம் ஒன்றும் எடுங்கள். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் திறவுங்கள். இரண்டும் யூடிஎம் 44 வடக்கு என்ற ஆள்கூற்று முறையில் வரும். அதன் இலக்கம் 32644. எல்லா அடுக்குகளையும் அதிலேயே வைத்திருங்கள். நில அளவைத் திணைக்களத்தின் வரைபடங்களோடு பொருத்தவேண்டி வரும்போது மட்டும் இலங்கைக் கட்டமான 5235க்கு மாற்றலாம்.

இப்போது தண்ணீர்ச் சுட்டி. தண்ணீர் பச்சை ஒளியைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும். கண்ணுக்குத் தெரியாத ஒளியான குற்றலை அகச்சிவப்பை ஏறத்தாழ முழுவதும் விழுங்கிவிடும். மண்ணும் சீமெந்தும் அதற்கு எதிர்மாறு. ஆகவே, பச்சையிலிருந்து குற்றலை அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், தண்ணீர் சுழியத்துக்கு மேலேயும் நிலம் கீழேயும் வரும். புள்ளிக்குப் புள்ளி கணக்குப் போடும் கியூஜிஐஎஸ்ஸின் ராஸ்டர் கல்குலேட்டரில் ஒரே வரியில் எழுதிவிடலாம். குற்றலை அகச்சிவப்புக்குப் பதிலாக அண்மை அகச்சிவப்பை வைத்த பழைய வடிவமும் உண்டு. 1996இல் வந்தது அது. நான் சொல்வது 2006இல் வந்த திருத்தம். மணல் கொட்டுகிற காலத்தில் கடல் கலங்கிப் பாலாக இருக்கும். நகரத்தின் கூரைகளும் பழைய வடிவத்தில் தண்ணீராகக் குழம்பும். கொழும்புக்குத் திருத்திய வடிவமே ஒத்துவருகிறது.

இங்கே பலர் சறுக்குவது அலைவரிசை இலக்கத்தில். லாண்ட்சாட் 5, 7இல் பச்சை 2, குற்றலை அகச்சிவப்பு 5. லாண்ட்சாட் 8, 9இல் பச்சை 3, குற்றலை அகச்சிவப்பு 6. சென்டினல்-2இல் பச்சை 3, குற்றலை அகச்சிவப்பு 11. அந்த 11ஆவது மட்டும் 20 மீற்றர்ப் புள்ளி. ஒரு தாளில் எழுதி மேசைக்கு முன்னால் ஒட்டிவையுங்கள்.

துறைமுக நகரத்தைச் சுற்றி ஒரு பல்கோணம் வரைந்து, அதற்குள் இரண்டு வருடத்திலும் தண்ணீர்ப் புள்ளிகள் எத்தனை என்று எண்ணுங்கள். வித்தியாசத்தை 900 சதுர மீற்றரால் பெருக்கி, 10,000ஆல் வகுத்தால் ஹெக்டேயர். 269க்கு அண்மையில் வந்தால் நல்லது. கொஞ்சம் விலகும், ஏனென்றால் அலைதாங்கியையும் உட்கால்வாயையும் நீங்கள் எந்தப் பக்கம் சேர்க்கிறீர்கள் என்பது உங்கள் கோட்டைப் பொறுத்தது. 200 அல்லது 350 வந்தால் எங்கோ பிழை: பெரும்பாலும் அலைவரிசை மாறியிருக்கும், அல்லது பல்கோணத்துக்குள் முகில் புகுந்திருக்கும். விடை தெரிந்த இடத்தில் பிழையைப் பிடித்தவருக்குத்தான் விடை தெரியாத இடத்துக்குப் போக உரிமை உண்டு என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்வேன்.

பச்சை மூடிய தண்ணீர்

இனி முத்துராஜவெல. இங்கேதான் தண்ணீர்ச் சுட்டி உங்களை ஏமாற்றும்.

சில வருடங்களுக்கு முன் களப்புக்குத் தெற்கே ஓர் ஓடையை வரைந்தேன். இரண்டு பெப்ரவரிகளுக்கு இடையில் திறந்த நீர் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்திருந்தது. மழைத் தரவைப் பார்த்தேன், மாதத்தைப் பார்த்தேன், எல்லாம் சரி. யாரோ நிரப்பிவிட்டார்கள் என்றே நம்பி, வரைபடத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு போனேன். கரையில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த வயதான மீனவர் ஒருவர் அதை வாங்கிப் பார்த்தார். நீர்கொழும்புக் கரையோரத்து முதியவர்கள் பலர் நல்ல தமிழ் பேசுவார்கள். "தம்பி, தண்ணி எங்கயும் போகேல்ல. ஜபர மூடிட்டுது. கையை விட்டுப் பாருங்கோ" என்றார். விட்டுப் பார்த்தேன். முழங்கை வரை தண்ணீர்.

ஜபர என்று ஊரில் சொல்லப்படுவது ஆகாயத்தாமரை. அதோடு சல்வீனியாவும் சேர்ந்துகொண்டால் சில மாதத்திலேயே ஓடை பச்சைக் கம்பளமாகிவிடும். மேலிருந்து பார்க்கும் செய்மதிக்கு இலைதான் தெரியும். அடுத்த பெருமழையில் அது அடித்துப்போனால், 'தொலைந்த' ஈரநிலம் ஒரே கிழமையில் 'திரும்பி வரும்'. அந்த வரைபடத்தை நான் கிழித்துப் போட்டேன். அன்றிலிருந்து மிதக்கும் செடி மூடிய தண்ணீரைத் தனி வகுப்பாக, அதாவது தனி நிலவகையாக, வைத்திருக்கிறேன்.

அதை எப்படிப் பிரித்தறிவது? ஒரு படத்தில் முடியாது. பல படங்களில் முடியும். வருடத்தில் கிடைக்கிற எல்லாச் சென்டினல் படங்களிலும் அந்த இடத்தைப் பாருங்கள். ஒரு மாதம் கறுப்பு, இன்னொரு மாதம் கடும்பச்சை, மறுபடி கறுப்பு என்று மாறினால் அது மிதக்கும் செடி. சம்புப் புல் அப்படித் துள்ளாது. பல படங்களில் ஒரே இடத்தில் மந்தமான பச்சையாக இருக்கும். நிரப்பிய நிலத்துக்கு வேறொரு நடை உண்டு, அது திரும்பி வராத நடை: முதலில் பச்சை, பிறகு ஒரே மாதத்தில் பளிச்சென்று வெளிறிய மண், பிறகு கொஞ்சம் களை, அதன் பிறகு கூரை. கிறவல் மண் கொட்டினால் செம்மஞ்சளாகவும் கடல் மணலாக இருந்தால் வெள்ளையாகவும் தெரியும். ஓரங்கள் நேர்கோடாக இருக்கும். இயற்கை அப்படி நேர்கோடு கிழிப்பது அபூர்வம். சந்தேகம் வந்தால் முதலில் ஓரத்தைப் பாருங்கள்.

மரங்களிலும் இதே குழப்பம். களப்பின் ஓரத்தில் கண்டல் உண்டு. பிரித்தானியர் காலத்து ஹமில்டன் கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவே தென்னை. சதுப்பின் உள்ளே, சிங்களத்தில் வெல் ஆத்தா எனப்படும் மரம். நம் அன்னமுன்னாவின் குடும்பம், அமெரிக்காவிலிருந்து வந்து ஈரநிலங்களில் பரவுவது. மூன்றும் சாதாரண நிறப்படத்தில் ஒரே பச்சை. நிறத்தை மாற்றிப் போடுங்கள்: சிவப்பின் இடத்தில் அண்மை அகச்சிவப்பு, பச்சையின் இடத்தில் குற்றலை அகச்சிவப்பு, நீலத்தின் இடத்தில் சிவப்பு. சென்டினலில் 8, 11, 4. தென்னந்தோப்பு இளஞ்செம்மஞ்சளாகவும், காலடியில் எப்போதும் ஈரமுள்ள கண்டல் கருஞ்சிவப்புக்கு அண்மையாகவும் வரும். வெல் ஆத்தாவையும் கண்டலையும் இந்த நிறமும் பிரிக்காது. அங்கே உப்பு எவ்வளவு ஏறும் என்பதைப் பார்த்து, நேரில் போய்த்தான் தீர்க்கவேண்டும். போகமுடியாவிட்டால் இரண்டையும் 'சதுப்பு மரம்' என்று ஒரே வகுப்பில் போடுங்கள். வெல் ஆத்தா பரவியதைக் கண்டற்காடு வளர்ந்தது என்று காட்டும் வரைபடம் கெடுதலே செய்யும்.

வகுப்புப் பிரித்தலும் ஒப்பிடுதலும்

படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் கணினி ஏதாவது ஒரு வகுப்பில் போடவேண்டும். என் வகுப்புகள் ஏழு: 1 திறந்த நீர், 2 செடி மூடிய நீர், 3 சம்பும் புல்லும், 4 சதுப்பு மரம், 5 வெறும் மண், 6 கட்டடமும் வீதியும், 7 தென்னையும் வீட்டுத்தோட்டமும். உங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றுங்கள். அத்திடிய, பெல்லன்வில பக்கம் வேலைசெய்கிறவர்களுக்குக் கைவிட்ட வயலுக்கென்று ஒன்று தேவைப்படும்.

கியூஜிஐஎஸ்ஸுக்குள் செமி ஓட்டோமற்றிக் கிளாசிஃபிகேஷன் என்ற செருகி ஒன்றைச் சேர்க்கலாம். கணினி பார்த்துப் பழகுவதற்கு ஒவ்வொரு வகுப்புக்கும் இருபது முப்பது சிறு பல்கோணங்களை, நிச்சயமாகத் தெரிந்த இடங்களில், முழுப் பரப்பிலும் சிதறலாக வரையுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூலையில் வரைந்தால் கணினி அந்த மூலையை மட்டுமே படித்திருக்கும். பழைய வருடங்களுக்குக் கூகுள் ஏர்த் புரோவின் வரலாற்றுப் படங்கள் உதவும். மென்பொருள் இலவசம், திகதிச் சட்டத்தை இழுத்தால் பழைய நுண்படங்கள், அதாவது வீடும் மரமும் தனித்தனியே தெரியும் தெளிவான படங்கள், வரும். 'ரேண்டம் ஃபொரஸ்ட்' என்ற முறையைத் தெரிவுசெய்து ஓடவிடுங்கள். வேறு முறைகளைப் பற்றி இப்போது மண்டையை உடைக்கவேண்டாம். பயிற்சிப் பல்கோணம் நன்றாக இருந்தால் முறைகளுக்கிடையில் பெரிய வித்தியாசம் வராது.

இரண்டு வருடத்து வரைபடமும் கிடைத்ததும், படங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காருகின்றனவா என்று பாருங்கள். கட்டுநாயக்க ஓடுபாதையின் இரண்டு முனைகளும் நல்ல அடையாளம். தெற்கே இரத்மலானை ஓடுபாதை. ஒரு புள்ளி நகர்ந்திருந்தாலும் எல்லாக் கால்வாய்களின் ஓரத்திலும் ஒல்லியான 'மாற்றக் கோடுகள்' தோன்றும். ஒரு பக்கம் நீர் கூடியதாகவும் மறுபக்கம் குறைந்ததாகவும் சோடி சோடியாக வந்தால் அது நகர்வு என்று அறிந்துகொள்ளலாம்.

ஒப்பிட ஒரு எளிய வழி உண்டு. ராஸ்டர் கல்குலேட்டரில் பழைய வரைபடத்தைப் பத்தால் பெருக்கி, புதியதைக் கூட்டுங்கள். 33 என்றால் சம்பு சம்பாகவே இருக்கிறது. 35 என்றால் சம்பு வெறும் மண்ணாகிவிட்டது. 36 என்றால் கட்டடமாகிவிட்டது. இந்த இரண்டும்தான் நாம் தேடுவது. 12, 21 என்பவை ஆகாயத்தாமரையின் விளையாட்டு. இழப்புக் கணக்கில் சேர்க்கக்கூடாது. 61 என்றால் கட்டடம் தண்ணீராகியிருக்கிறது. அது நடப்பதில்லை. ஆகவே 61 எவ்வளவு வருகிறதோ, ஏறத்தாழ அந்த அளவு பிழை மற்ற எண்களிலும் ஒளிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நான் எந்த வரைபடத்தைத் திறந்தாலும் முதலில் பார்ப்பது இந்த நடக்கமுடியாத எண்களைத்தான். பரப்பளவுகளை 'ராஸ்டர் லேயர் யுனிக் வேல்யூஸ் ரிப்போர்ட்' என்ற கருவி அட்டவணையாகத் தந்துவிடும்.

முகில் விடாத காலத்துக்கு ரேடார் உண்டு. 2014இல் ஏவிய சென்டினல்-1 முகிலூடாகப் பார்க்கும். திறந்த நீர் கறுப்பாகத் தெரியும். சம்புக்குள் வெள்ளம் நின்றால் அதற்கு மாறாகப் பிரகாசமாகத் தெரியும். வெள்ளத்தின்போது எந்த ஈரநிலம் தண்ணீரை ஏந்திக்கொண்டது என்று காட்ட இது அருமையானது. ஆனால் தனியாகப் படிக்கவேண்டிய பாடம்; முதல் வருடத்தில் வேண்டாம்.

தரையில் கால் வைத்தல்

வரைபடத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் குறைந்தது 50 புள்ளிகளைக் கணினியிடமே குலுக்கி எடுக்கச் சொல்லுங்கள். பயிற்சிக்குப் பயன்படுத்திய இடமாக இருக்கக்கூடாது. அந்தப் புள்ளிகளில் உண்மையில் என்ன இருக்கிறது என்று, போகக்கூடிய இடத்துக்கு நேரில் போயும், மற்றவற்றுக்கு நுண்படத்தில் பார்த்தும் எழுதுங்கள். எத்தனை சரி, எது எதோடு குழம்பியது என்று ஓர் அட்டவணை போடுங்கள்.

இந்த அட்டவணை ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. இரண்டு வருடத்து வரைபடமும் தனித்தனியே 90 வீதம் சரி என்று வையுங்கள். கேட்க நன்றாக இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டால் இரண்டிலும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கிற பங்கு 81 வீதமாக இறங்கிவிடும். 3,000 ஹெக்டேயர்ச் சதுப்பில் அது 570 ஹெக்டேயர்ச் சந்தேகம். அந்த நிலையில் '80 ஹெக்டேயர் அழிந்தது' என்று எழுதுவது நியாயமில்லை. அப்படியானால் என்ன செய்வது? 35, 36 என்று வந்த துண்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, நுண்படத்தில் கண்ணால் உறுதிசெய்து, உறுதியானவற்றை மட்டும் கையால் வரைந்து கூட்டுங்கள். நேரம் பிடிக்கும். ஆனால் '14 இடங்களில் நிரப்பியிருக்கிறது, ஒவ்வொன்றின் படமும் திகதியும் இதோ' என்று சொல்வதை யாராலும் தட்டிக்கழிக்கமுடியாது. கணினி தரும் பெரிய எண்ணைவிட இந்தச் சிறிய பட்டியலைத்தான் நான் மதிக்கிறேன்.

நேரில் போகிறவர்கள் தனியாகப் போகவேண்டாம். முத்துராஜவெலவில் முதலை உண்டு. புல்லுக்குள் எங்கே சேறு, எங்கே ஆழம் என்று வெளியாருக்குத் தெரியாது. போப்பிட்டிய பக்கமிருந்து படகில் போகலாம். ஓட்டுபவர்கள் ஓடைகளைத் தங்கள் வீட்டு முற்றம்போல அறிந்தவர்கள். சிங்களம் நன்றாகப் பேசும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கைத்தொலைபேசியில் இடக்குறிப்பை இயக்கி, ஒவ்வொரு புள்ளியிலும் நான்கு திசைக்கும் படம் எடுங்கள்.

ஊர்க்காரரிடம் "எந்த வருடம் நிரப்பினார்கள்?" என்று கேட்டால் சரியான பதில் வராது, வருடத்தை யாரும் அப்படி நினைவில் வைத்திருப்பதில்லை. "சுனாமிக்கு முன்பா பின்பா? அதிவேக வீதி போட்ட பிறகா? 2016 வெள்ளத்தில் இந்த இடத்தில் தண்ணீர் நின்றதா?" என்று கேளுங்கள். டக்கென்று சொல்வார்கள். பிறகு அந்த இடைவெளிக்குள் படங்களைத் தேடி மாதத்தையே பிடித்துவிடலாம்.

எழுதிவைப்பதும் கொடுப்பதும்

வரைபடத்தின் அடியில் செய்மதியின் பெயர், படத் திகதி, சுட்டிக்கு வைத்த எல்லை எண், சரிபார்த்த புள்ளிகளின் தொகை, இவ்வளவும் இருக்கவேண்டும். 'சட்டவிரோதம்' என்ற சொல்லை வரைபடத்தில் எழுதாதீர்கள். மண் கொட்டியிருப்பதைப் படம் காட்டும். அனுமதி உண்டா என்பதைக் காட்டாது. முத்துராஜவெலவின் வடபகுதி 1996இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; மற்றப் பகுதிகளின் நிலை வேறு. எல்லை எங்கே ஓடுகிறது என்று வர்த்தமானியைப் பார்த்த பிறகே பேசலாம்.

அந்த எல்லை வரைபடத்தையும், குறிப்பிட்ட நிரப்பலுக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா என்ற விபரத்தையும், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். மத்திய சுற்றாடல் அதிகார சபை, காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம், பிரதேச செயலகம் என்று ஒவ்வொன்றிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம், தயங்கவேண்டாம். ஒரு கடிதத்தில் ஓர் இடம், அதன் ஆள்கூறு, இரண்டு திகதிப் படம், இரண்டு கேள்வி. அவ்வளவு போதும். பத்து இடத்தை ஒரே கடிதத்தில் அடுக்கினால் பதில் ஒன்றுக்கும் உருப்படியாக வராது என்பது என் அனுபவம்.

கோப்புகளுக்கு இடம், செய்மதி, வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் பெயர் வையுங்கள்: 'முத்துராஜவெல_சென்டினல்2_2024_02_11' என்பதுபோல. மூலப் படத்தைத் தொடாமல் ஒரு பிரதி தனியாக இருக்கட்டும். வகுப்புப் பல்கோணங்களையும் அதே உறையில் போடுங்கள். அடுத்த பெப்ரவரியில் முகில் விலகிய முதல் காலைப் படம் வந்ததும், அவற்றை எடுத்து ஒவ்வொன்றும் இன்னும் அதே வகுப்புத்தானா என்று பார்த்துவிட்டு ஓடவிடலாம்.